மொட்டை மாடியில் மட்டும் தெரிந்த ஆட்டம்

அக்டோபர் 27, திங்கள்

நேற்று மாலை மதுரையிலிருந்து ராஜபாளையம் வந்து சேர்ந்தோம். காரின் பின்சீட்டில் இந்திராணி வழி முழுவதும் குனிந்தே வந்தாள். மடியில் தலையணை, தலையணை மேல் நெற்றி. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மலை தெரிகிறதா என்று கேட்டாள். மேகம் மூடிக் கிடந்தது. தெரிகிறது என்று சொன்னேன்.

வலது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது. ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அது மேலே எழும்பி விழித்திரையை அழுத்திப் பிடித்து ஒட்ட வைக்க வேண்டும். அதற்கு இவள் முகம் எந்நேரமும் தரையைப் பார்த்திருக்க வேண்டும். சாப்பிட, குளியலறை போக எழுந்திருக்கலாம். அப்போதும் தலை நிமிரக் கூடாது. எத்தனை நாள் என்று அடுத்த பரிசோதனையில் சொல்வார்களாம்.

நாடாக் கட்டிலின் தலைமாட்டில் சில நாடாக்களைத் தளர்த்தி, ஒரு முகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, சுற்றிலும் பழைய துண்டை வைத்துத் தைத்தேன். அவள் குப்புறப் படுத்து முகத்தைப் பொருத்திப் பார்த்தாள். மில்லில் மோட்டாருக்குச் செய்வது போலச் செய்திருக்கிறீர்கள் என்றாள். பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அனுசியாவுக்கு இது எதுவும் தெரியாது. கல்லூரி அணியோடு ஹூப்ளிக்குப் போயிருக்கிறாள், தென்னிந்தியக் கல்லூரிகளுக்கான பெண்கள் கபடிப் போட்டி. தெரிந்தால் அடுத்த பஸ்ஸிலேயே வந்து நிற்பாள், சொல்லக் கூடாது என்று இந்திராணி ஆஸ்பத்திரியிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். எனக்கு அது கஷ்டமில்லை. மகள் எப்போதும் அம்மாவின் போனுக்குத்தான் பேசுவாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

நான் எலக்ட்ரீசியனாக இருக்கும் மில்லுக்கு லீவு சொல்லியாயிற்று. சொட்டு மருந்து வேளாவேளைக்கு விட்டேன். ரசம் வைத்தேன். நான் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் உப்பே போடவில்லை என்று தெரிந்தது. இந்திராணி ஒன்றும் சொல்லாமல் குடித்திருந்தாள்.

அக்டோபர் 29, புதன்

அனுசியாவுக்கு முதல் ஆட்டம். டிவியில் வராது. ஒரு விளையாட்டு இணையதளத்தில் நேரலை. இந்திராணிக்கு இடது கண்ணும் சுமார்தான், கடுமையான கிட்டப்பார்வை. ஆனால் ஒரு சாண் தூரத்தில் இருப்பது கண்ணாடி இல்லாமலே நன்றாகத் தெரியும். படிக்கத்தான் வேண்டாம், கொஞ்ச நேரம் படம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலுக்கு அடியில் இட்லிப் பானையைக் கவிழ்த்து, அதன் மேல் புத்தகங்களை அடுக்கி, உச்சியில் என் போனை வைத்தேன்.

திரை கறுப்பாகி, ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பு வந்தது. நீங்கள் விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கிறீர்கள், அதை நிறுத்தினால்தான் படம் வரும் என்று.

அப்படி ஒன்றை நான் வைத்ததே இல்லை. அது எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. சோப்பு, சிமெண்ட், நகைக்கடை, எதைக் காட்டினாலும் பார்க்கத்தான் நாங்கள் தயாராக இருந்தோம். மறுபடி திறந்தேன். அதே அறிவிப்பு. போனை அணைத்துப் போட்டேன். அதே அறிவிப்பு. நீங்கள் எதையாவது அமுக்கிவிட்டீர்களா என்று இந்திராணி கேட்டாள். அதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் அனுசியா கூப்பிட்டாள். ஜெயித்துவிட்டார்களாம். நன்றாக ஆடினாய், பார்த்தேன் என்று இந்திராணி தரையைப் பார்த்தபடியே சொன்னாள். வீடியோவில் வரச் சொல்லியிருக்கிறாள் மகள். கேமரா கெட்டுப்போச்சு என்று ஒரு பதில்.

அக்டோபர் 30, வியாழன்

வீட்டுக்கு இணைய லைன் கொடுத்திருப்பது ஊரில் உள்ள ஒரு சின்னக் கம்பெனி. அவர்கள் ஆபீசில் ஜான்சி என்ற பெண் உட்கார்ந்திருக்கிறாள். விஷயத்தைச் சொன்னேன். லைனில் ஒரு கோளாறும் இல்லை, உங்கள் போனில் ஏதோ ஆப் போட்டிருப்பீர்கள், அதை எடுத்துவிடுங்கள் என்றாள். நான் போடவில்லை என்றேன். எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க என்று சிரித்தாள். நல்ல பெண்தான். ஆனால் அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வரும்வரை கூடவே வந்தது.

டார்ச் ஆப்பை எடுத்தேன். காலண்டர் ஆப்பை எடுத்தேன். வைரஸ் தடுக்கிற ஆப் மேல்தான் எனக்குச் சந்தேகம், அதையும் எடுத்தேன். டேட்டா மிச்சப்படுத்தும் வசதியை அணைத்தேன். போன் காலி வீடு மாதிரி ஆகிவிட்டது. அறிவிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

இணையதளத்தின் உதவிப் பக்கத்துக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன்.

அக்டோபர் 31, வெள்ளி

பகல் முழுவதும் மழை, ஜன்னலில் வெள்ளையாக. கண்ணுக்குள் என்ன தெரிகிறது என்று இந்திராணியைக் கேட்டேன். 

"வெளிச்சம் அசையுது. குளத்துக்கு அடியில படுத்துக்கிட்டு மேல பாக்குற மாதிரி இருக்கு. ஆனா நான் கீழதான பாக்குறேன்."

தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினேன். அவள் முகத்துக்கு நேர் கீழே என் கால்கள் இருந்தன. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்கள் காலை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாள். பெருவிரல் நகம் கறுத்திருக்கிறதே, என்ன அது என்று கேட்டாள். எப்போதோ மோட்டார் விழுந்தது. சொன்னதில்லை.

மதியம் இருவரும் தூங்கிவிட்டோம். தரையிலிருந்து மழை மேல்நோக்கிப் பெய்வது போலக் கனவு வந்தது. ஓடுகள் எல்லாம் நனைந்து, கட்டிலின் அடிப்பக்கத்தில் துளிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. விழித்தபோது அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்திருந்தது.

நவம்பர் 1, சனி

மாலை ஆட்டத்துக்கு மத்தியானத்திலிருந்தே ஆயத்தமானேன். போனில் சேர்ந்து கிடந்த பழைய பதிவுகளை அழித்தேன். வேறு பிரவுசர் இறக்கினேன். ரகசிய ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது, அதிலும் திறந்தேன். தேதி, நேரம் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே குற்றச்சாட்டு.

மில்லில் ஒரு மெஷின் ஓடவில்லை என்றால் மெஷினையே திட்டிக்கொண்டிருக்க மாட்டோம். லைனை நடுவில் பிரித்து, கோளாறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்ப்போம். நான்கு நாளாக இது எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டு இணையத்தைத் துண்டித்துவிட்டு, போனில் உள்ள டேட்டாவில் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டுக்குள் சிக்னல் பேசுவதற்குத்தான் போதும், படத்துக்குப் போதாது. மொட்டை மாடிக்கு ஏறினேன்.

தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று திறந்ததும் படம் வந்துவிட்டது. நீலத் தரை, அதன் மேல் ஓடுகிற பெண்கள். போன் மேல் குற்றமில்லை. குற்றம் வீட்டு லைனில்.

மாடியிலிருந்து கீழே இவள் போனுக்கு இணைப்புக் கொடுத்துப் பார்த்தேன். படம் போட்டோ மாதிரி உறைந்து நின்றது. ஆட்டமோ தொடங்கிவிட்டது. மில்லில் கொடுத்த பட்டன் போன் சட்டைப்பையில் இருந்தது. அதிலிருந்து இந்திராணியைக் கூப்பிட்டேன். இங்கே வருகிறது, நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"சரி, சொல்லுங்க. என்ன நடக்குது?"

"ஒரு பொண்ணு ஓடுது."

"எந்தப் பொண்ணு?"

"நம்ம பொண்ணு இல்ல."

"எந்தப் பக்கம் ஓடுது?"

"அங்கிட்டுப் போயிட்டு இங்கிட்டு வந்துருச்சு."

கீழே சிறிது நேரம் சத்தமே இல்லை. சிரிக்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது. நடுவில் வந்த சோப்பு விளம்பரத்தையும் விடாமல் சொன்னேன். இன்றும் ஜெயித்தார்கள். யார் எப்படி ஜெயித்தார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அனுசியா ஆடி நான் பார்த்ததில்லை. போன வருஷம் மாவட்டப் போட்டி நம் ஊர் மைதானத்திலேயே நடந்தது. அன்று மில்லில் வேலை அதிகம். திரையில் அவள் சின்னதாகத் தெரிந்தாள். முழங்காலில் வெள்ளைக் கட்டு. கோட்டருகே குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போனாள். அதை மட்டும் இந்திராணியிடம் சொல்ல விட்டுப்போயிற்று.

நவம்பர் 2, ஞாயிறு

இப்படிச் சொன்னால் எனக்கு ஒன்றும் புரியாது என்று சாக்பீஸ் எடுத்துவரச் சொன்னாள். கட்டிலுக்கு அடியில், தன் முகத்துக்கு நேர் கீழே கபடிக் களத்தை வரையச் சொன்னாள். நடுக்கோடு, அதைத் தாண்டி ஒரு கோடு, அதற்கும் அப்பால் போனஸ் கோடு. எதிரணி நிறையப் பேரோடு இருக்கும்போது கபடி கபடி என்று பாடிப் போகிறவள் அந்தக் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் ஒரு புள்ளி. புளியங்கொட்டைகளை ஆட்களாக வைத்தோம். மேலிருந்து அவள் சொல்லச் சொல்ல நான் கொட்டைகளை நகர்த்தினேன். சங்கிலியாகக் கைகோத்து நிற்பது ஏன், ஓரத்தில் நிற்பவள் எப்போது பாய வேண்டும் எல்லாம் இவளுக்கு அத்துப்படி. எல்லா ஆட்டத்துக்கும் இவள்தான் கூடப் போயிருக்கிறாள்.

மாவட்டப் போட்டியன்று மில்லில் வேலை இல்லையென்றால் நானும் பார்த்துப் பழகியிருப்பேன் என்றேன்.

"அன்னைக்கு உங்களுக்கு ஆஃப். வீட்லதான் இருந்தீங்க. மிக்ஸியக் கழட்டிப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

 மிக்ஸி அந்த வாரம் உண்மையிலேயே சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

நவம்பர் 3, திங்கள்

மதுரை போய் வந்தோம். ஓரத்தில் ஓரிடம் இன்னும் சரியாக ஒட்டவில்லையாம். இன்னும் ஒரு வாரம் இப்படியே குப்புறப் படுக்க வேண்டும். அப்போதும் ஒட்டாவிட்டால் மறுபடி ஆபரேஷன். பார்வை எவ்வளவு திரும்பும் என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, பார்ப்போம் என்றார்.

திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினேன். குனிந்தபடியே கொஞ்சம் சாப்பிட்டாள். மீதியை நான் சாப்பிட்டேன். கார் டிரைவருக்கும் கொடுத்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. இந்திராணி பகல் முழுவதும் பேசவில்லை. அலமாரியில் இருந்த எல்லா டப்பாவையும் துடைத்து வைத்தேன்.

நவம்பர் 5, புதன்

அரையிறுதி ஆட்டம். தூறலில் குடையோடு மாடியில் நின்றேன். இடது கையில் ஆட்டம், காதுக்கும் தோளுக்கும் இடையில் பட்டன் போன், வலது கையில் குடை. மலையிலிருந்து மேகம் இறங்கி ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் பக்கத்து மாடிகள் மறைந்து, நானும் தண்ணீர்த் தொட்டியும் அந்த நீலத் தரையும் மட்டும் உலகத்தில் மிச்சம் இருப்பது போல ஆயிற்று.

இந்தத் தடவை எனக்கு வாய் வந்தது. யார் பாடிப் போகிறாள், எந்த மூலையில் யார் நிற்கிறாள், போனஸ் கிடைத்ததா, எல்லாம் சொன்னேன். குரல் தன்னால் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு லூர்து சார் மேகத்துக்குள்ளிருந்து என்ன ஆச்சு என்று கேட்டார். என் மகள் ஆடுகிறாள் என்று கத்தினேன்.

கடைசிக் கட்டத்தில் இரண்டு அணியும் சமம். எதிரணிப் பெண் உள்ளே வந்தாள். அனுசியாவின் ஒன்பதாம் எண் சட்டை பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்தது. நம்ம பொண்ணு பிடிச்சுட்டா என்றேன். எல்லாரும் மேலே விழுந்து அமுக்கிவிட்டார்கள். இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டோம். 

அனுசியா கூப்பிட்டபோது நான் கட்டிலருகே தலை துவட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டாள் இந்திராணி.

"கடைசியா அந்தப் பிள்ளையோட காலப் பிடிச்ச பாரு, எனக்கு உசுரே நின்னு போச்சுடி."



"அது நான் இல்லம்மா. ரேகாஸ்ரீ. அவ ஆறு, நான் ஒன்பது."

பாய்ந்து விழுந்தவள் முதுகில் இருந்த ஆறு எனக்குத் தலைகீழாக ஒன்பதாகத் தெரிந்திருக்கிறது. இந்திராணி படம் தெளிவாக இல்லை என்று ஏதோ சொன்னாள்.

"நான் முகத்த மூடிக்கிட்டு நடந்தாக்கூட உனக்குத் தெரியும்மா. நீ பாக்கல. யாரு பாத்துச் சொன்னது?"

 அம்மா, என்னமோ நடக்குது, வீடியோவுல வா என்று அவள் குரல் உடையத் தொடங்கியது. இந்திராணி கையை நீட்டி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள், சொல்லாதீர்கள் என்று. நான் போனை எடுத்தேன்.

"நான்தான் பாத்தேன், பாப்பா."

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிக்கொண்டே மாடிப்படி ஏறிவிட்டேன், கீழே இந்திராணி போடுகிற சத்தம் கேட்காத இடத்துக்கு. மகள் அழுதாள். இப்போதே கிளம்புகிறேன், பிலோமினா டீச்சரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள். பிலோமினா டீச்சர்தான் அவர்களுக்குக் கோச். அழுகை அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அவளோடு போனில் இவ்வளவு நேரம் நான் இருந்ததில்லை. அதனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்றும் தெரியவில்லை.

"வராதன்னு நான் சொல்லல. ஆனா நீ இப்ப வந்தா உங்கம்மாவுக்கு உன் காலு மட்டும்தான் தெரியும். நீ அங்க ஆடு. உன் முகம் அவளுக்குத் தெரியற மாதிரி நான் பண்றேன்."

"எப்படிப்பா?"

"அது என் வேலை."

போனை வைக்கும் முன், நீங்க எல்லா ஆட்டமும் பாத்தீங்களாப்பா என்று கேட்டாள். ஒன்று விட்டுப்போயிற்று என்றேன்.

நவம்பர் 6, வியாழன்

இறுதி ஆட்டம் சனிக்கிழமை. சொல்லிவிட்டேன், செய்ய வேண்டும்.

நேற்றே இணையதளத்திலிருந்து பதில் வந்து கிடந்திருக்கிறது. அவர்கள் பக்கம் திறக்கும்போது முதலில் விளம்பரத்துக்கான ஒரு சின்னக் கோப்பை அழைத்துப் பார்க்குமாம். அது வராவிட்டால், பார்ப்பவர் தடுப்பான் வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிடுமாம். யார் தடுத்தார்கள் என்று அதற்குத் தெரியாது. போனிலேயே இருக்கலாம், வழியிலும் இருக்கலாம். வழியில் என்றால் மோடத்தில் எதை மாற்றிப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

லூர்து சார் வீட்டிலும் அதே கம்பெனி லைன்தான். அவர் போனை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அதே அறிவிப்பு. என் வாழ்நாளில் ஒரு கோளாறைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஜான்சியிடம் போனேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை, உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தாள். தீபாவளிக்கு முன்னால் குடும்பப் பாதுகாப்பு என்று எல்லா லைனுக்கும் ஒரு வடிகட்டி போட்டார்களாம். கெட்ட தளங்களைத் தடுக்கப் போட்டது விளம்பரங்களையும் சேர்த்துத் தடுத்திருக்கிறது. எனக்கே யாரும் சொல்லல சார், தப்பா நினைச்சுக்காதீங்க என்றாள். எடுத்துவிடச் சொல்கிறேன், ஆனால் இன்ஜினீயர் அடுத்த வாரம்தான் வருவார் என்றாள். அடுத்த வாரம் எனக்கு உதவாது.

நவம்பர் 7, வெள்ளி

இந்திராணி நேற்று முழுவதும் என்னோடு பேசவில்லை. சத்தியத்தை மீறிவிட்டேன் என்று. இன்று காலை, இட்லிக்குச் சட்னி நன்றாக இருக்கிறது என்றாள்.

மோடத்தில் கை வைத்தேன். எந்தப் பெயர் எந்த முகவரியில் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லும் கவுண்டர் மாதிரி ஒன்று இணையத்தில் உண்டாம். எங்கள் மோடம், லைன் கொடுத்த கம்பெனியின் கவுண்டரில்தான் கேட்டுக்கொண்டிருந்தது. விளம்பரம் என்றாலே அப்படி ஒருவரும் இல்லை என்று அங்கே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வேறு பொதுக் கவுண்டரில் கேட்கும்படி எண்களை மாற்ற வேண்டும். மாற்றினேன். வீட்டில் இணையமே செத்துவிட்டது. பச்சை விளக்கு சிவப்பாயிற்று.

எல்லா வயரையும் பிடுங்கி மறுபடி செருகினேன். உயர் மின்னழுத்தப் பெட்டிக்குள் கை விட்டவன் நான், இந்தச் சின்னப் பெட்டி எனக்குப் பிடிபடவில்லை. என்ன ஆச்சு என்று கட்டிலிலிருந்து கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம் என்றாள். சொன்னேன், இருந்ததும் போச்சு என்று. முதலில் ஒரு டீ போட்டுக் குடியுங்கள் என்றாள். குடித்துவிட்டு வந்து கண்ணாடி போட்டுப் பார்த்தால், எண்களில் ஒரு புள்ளியை விட்டிருக்கிறேன்.

சரி செய்து, போனைப் பானை மேல் வைத்துத் திறந்தேன். கறுப்புத் திரை வந்தது. பிறகு சத்தமாக, பளபளவென்று சோப்பு விளம்பரம்.

"வந்துருச்சு," என்றாள் இந்திராணி. விளம்பரம் முடியும்வரை இருவரும் அசையாமல் பார்த்தோம்.

நவம்பர் 8, சனி

ஆட்டத்துக்கு முன்னால் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்தேன். போன் சரிந்தால் பிடிக்க ஆள் வேண்டும். பானைக்குப் பக்கத்தில் தலையை வைத்து மல்லாந்து படுத்தேன். படுத்த பிறகுதான் தெரிந்தது, போன் மேல்நோக்கி இவளைப் பார்த்து இருந்தது. எனக்குப் படம் தெரியாது. எனக்கு நேர் மேலே இந்திராணியின் முகம்.

இத்தனை நாளில், சொட்டு மருந்து விடும்போது அந்த ஒரு கண்ணைத் தவிர, அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. தலை உச்சியும் கழுத்தும்தான் பார்த்தேன். கன்னங்கள் கீழ்நோக்கித் தொங்கி, நெற்றியில் துண்டின் வரி பதிந்து, வலது கண் சிவந்து வீங்கியிருந்தது. இடது கண் திரையின் வெளிச்சத்தில் மினுங்கியது. யாரோ ஒரு சிறுபெண் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

"அங்க படுத்தா உங்களுக்குத் தெரியாதே."

"நீ சொல்லு."

சொன்னாள். நான் மாடியில் நின்று கத்தியது போல இல்லை. மெதுவாக, தூக்கத்தில் பேசுகிற குரலில் சொன்னாள். அனு பாடிப் போறா. இடது ஓரத்துக்குப் போற மாதிரி காட்டுறா. போகல. போனஸ் எடுத்துட்டா. நீல வெளிச்சம் அவள் முகத்தில் அலையலையாகப் போய் வந்தது. ஆட்டம் முழுவதும் அந்த முகத்திலேயே நடந்தது. புருவம் ஏறினால் நம் அணி உள்ளே போகிறது. உதட்டைக் கடித்தால் எதிரணி வருகிறது. ஒருமுறை சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள், ரேகாஸ்ரீ கீழே விழுந்தபோது.

கடைசியில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். கடைசி ரெய்டுக்கு அனுசியாதான் பாடிப் போனாள். இந்திராணி சொல்வதை நிறுத்திவிட்டாள். நானும் கேட்கவில்லை. போனிலிருந்து கபடி கபடி என்று மகளின் குரல் மட்டும் மிக மெல்லிதாக வந்தது. சில நாள் முன்னால் வரை நான் கேட்டிராத குரல். பிறகு அது நின்றது.

"பிடிச்சுட்டாங்க," என்றாள்.

என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. வெளிச்சம் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறியது, ஏதோ விளம்பரம். நான் எழுந்திருக்கவில்லை. அவளும் முகத்தை எடுக்கவில்லை. அப்படியே கிடந்தோம்.

அனுசியா கூப்பிட்டபோது முதலில் கேட்டது, முகம் தெரிந்ததா என்றுதான்.

"தெரிஞ்சுச்சு. தாடையில என்னடி காயம்? மருந்து போட்டியா?"

அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். நேற்று காலை பட்ட காயமாம். இங்கே யாருக்கும் அவள் சொல்லவில்லை.

நவம்பர் 10, திங்கள்

மதுரை. ஒட்டிவிட்டது. டாக்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு, இனி நிமிரலாம் அம்மா என்றார். இந்திராணி நிமிரவில்லை. நம்பிக்கை வராமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் மோவாயைத் தொட்டு மெதுவாகத் தூக்கிவிட்டாள்.

வலது கண்ணில் விரல்களை எண்ண முடிகிறது. முகங்கள் தண்ணீரில் கரைந்தது போல இருக்கின்றனவாம். குமிழ் சிறுத்து, பார்வையின் அடியில் ஒரு பாசிமணி மாதிரி உருண்டுகொண்டிருக்கிறதாம், தானாகக் கரைந்துவிடும். பழைய பார்வை முழுவதும் வராது, ஆனால் நடமாட, சமைக்க, ஆளைத் தெரிந்துகொள்ளப் போதும் என்றார் டாக்டர். நான் வராந்தாவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அங்கே காற்று நன்றாக இருந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

விடியற்காலையில் அனுசியாவை அழைத்துவரப் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வழக்கமாக இந்திராணிதான் போவாள். பனி மாதிரி மேகம் கடைகளுக்குள் நுழைந்திருந்தது. மதுரை பஸ்ஸின் விளக்கு முதலில் தெரிந்தது, பிறகு பஸ். இறங்கியவள் என்னைப் பார்த்துவிட்டு, பின்னால் அம்மா நிற்கிறாளோ என்று தேடினாள். தாடையில் பிளாஸ்திரி. பையை வாங்கிக்கொண்டேன். கனமாக இருந்தது. இவ்வளவையும் தானே சுமந்து வந்திருக்கிறாள்.

டீ குடிக்கிறாயா என்று கேட்டேன். இருவரும் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மாவைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன். பிறகு கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அவள் கண்ணாடி டம்ளரைக் கைகளுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். நேற்று ராத்திரி அந்த இறுதி ஆட்டத்தின் பதிவைப் போனில் இரண்டு தடவை பார்த்திருந்தேன்.

"அந்தக் கடைசி ரெய்டுல," என்றேன், "ஏன் வலது பக்கம் போன? அங்கதான அவங்க சங்கிலி இருந்துச்சு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, சிந்திய டீயில் விரலைத் தொட்டு மேஜையில் ஒரு கோடு போட்டாள்.

"இல்லப்பா, இங்க பாருங்க. அந்தச் சங்கிலியில ஓரத்துல நின்னவளுக்கு ஏற்கெனவே தோள்ல அடி. அவ கைய விட்டுருவான்னு நினைச்சேன். நான் மட்டும் கொஞ்சம் முன்னாடி திரும்பியிருந்தா..."

சொல்லிக்கொண்டே போனாள். கோடு காயக் காய மறுபடி போட்டாள். என் டம்ளரை எதிரணியாக வைத்துக்கொண்டாள். அந்தச் சமயத்தில் சட்டைப்பையில் பட்டன் போன் அடித்தது. இந்திராணி. பஸ் வந்துவிட்டதா, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு டீ சொன்னேன்.